மூன்றாவது ரவுண்டில் அண்ணன் கத்தியது

ஆஞ்சலாவை டேக்வாண்டோவில் சேர்க்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. சேர்த்தது அவளுடைய அண்ணன் ரெமிஜியஸை. அதற்கும் காரணம் விளையாட்டு ஆசை இல்லை, பயம். தொண்ணூற்றொன்றாம் வருஷம் டிசம்பரில், காவிரித் தண்ணீருக்காக பெங்களூரில் கலவரம் நடந்தபோது, ஜோகுபாளையத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தன. ஆஞ்சலா வீட்டாரை அடுத்த வீட்டு லட்சுமம்மா தன் வீட்டுக்குள் கூட்டிப்போய் வைத்துக்கொண்டு, வாசலில் வந்து விசாரித்தவர்களுக்குக் கன்னடத்தில் நாலு வார்த்தை சூடாகச் சொல்லி அனுப்பினாள். எல்லாம் அடங்கிய பிறகும் அப்பா மதலைமுத்துவின் மனசு அடங்கவில்லை. ஃபாக்டரியில் ஃபிட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமை பூசை, இதைத் தவிர வேறொன்றும் அறியாத மனுஷன். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, பையன் நாலு அடி அடிக்கவாவது கற்றுக்கொள்ளட்டும் என்று அல்சூரில் ஒரு வகுப்பில் கொண்டுபோய் விட்டார்.

கூடவே வீட்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. சாயங்காலத்தில் பன்னிரண்டு வயசுப் பெண்ணைத் தனியாக வீட்டில் விடக் கூடாது, அண்ணன் போகிற இடத்துக்கு அவளும் போக வேண்டும் என்பது ஒன்று. வெளியே தமிழைச் சத்தமாகப் பேசக் கூடாது என்பது இன்னொன்று. பஸ்ஸிலும் கடையிலும் மைதானத்திலும் வாயைத் திறந்தால் கன்னடம், இல்லாவிட்டால் இங்கிலீஷ். தமிழ் பேசியே தீர வேண்டுமென்றால் காதோடு காதாக. ஊர் பழையபடி ஆகி எத்தனையோ வருஷம் கழித்தும், இந்த இரண்டாவது சட்டத்தை மட்டும் அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

அண்ணனுக்குத் துணையாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளை, சும்மா உட்காருவதற்கு நீயும் வந்து நில் என்று மாஸ்டர் கூப்பிட்டார். அவ்வளவுதான். திறமை என்பது, பணம் கட்டிச் சேர்ந்தவனை விட்டுவிட்டுத் துணைக்கு வந்தவள் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ரெமிஜியஸும் நன்றாகத்தான் ஆடினான். ஆனால் மாநிலப் போட்டி ஒன்றில் முழங்கால் திருகிக்கொண்டது, அதோடு அவன் ஆட்டம் முடிந்தது. வேறு அண்ணனாக இருந்தால் தங்கச்சி மேல் பொறாமைப்பட்டிருப்பான், நானாக இருந்தாலும் பட்டிருப்பேன். இவன் மறுவாரமே நொண்டிக்கொண்டு வந்து அவளுக்குப் பேடு பிடிக்க ஆரம்பித்தான்.

பேடு பிடிப்பது என்றால் கையில் ஒரு தோல் மெத்தையைப் பிடித்துக்கொண்டு உதை வாங்குவது. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. ஆனால் பிடிக்கிறவன் எதிராளி மாதிரியே நகர வேண்டும், எந்த இடத்தில் எந்த நேரத்தில் காட்ட வேண்டும் என்று தெரிய வேண்டும். ரெமிஜியஸுக்கு அது தெரிந்தது. “முன்னங்கால்”, “பின்னங்கால்”, “உள்ள போ”, “வெளிய வா” என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொல்லுவான். அவன் வாயசைப்பதற்குள் அவள் கால் போயிருக்கும். வீட்டில் சாதாரணமாக இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பேசுவதற்கு என்ன இருந்ததோ எல்லாம் அந்த மெத்தை மேலேயே பேசி முடிந்துவிட்டது.

அவளுக்கு அவனைத் தவிர வேறு யாரும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாற்பத்தேழு கிலோ பிரிவில் ஆட வேண்டும், உடம்போ ஐம்பதைத் தொட்டுக்கொண்டு நிற்கும். போட்டி வருகிறது என்றால் அவள் தட்டில் வெள்ளரிக்காயும் மோரும்தான். கிறிஸ்துமஸுக்கு சித்தப்பா பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கூடிப் பலகாரம் சுடும்போது, இவள் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வியர்வை போக அல்சூர் ஏரியைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பாள். முதலில் ‘நீயும் வாடி’ என்று கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிடுவதை விட்டார்கள். காலேஜில் சிநேகிதிகள் சினிமாவுக்குப் போகும் நாளெல்லாம் அவளுக்குப் பயிற்சி இருந்தது. காலைத் தூக்கி அடிக்கிற பெண்ணை யார் கட்டுவார்கள் என்று அத்தைகள் அம்மாவிடம் கேட்டார்கள், அம்மா அதை அப்படியே அவளிடம் கேட்டாள். இத்தனைக்கும் நடுவில் அவள் தனியாக இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. பேடு பிடிக்க அண்ணன் இருந்தான்.

தொண்ணூற்றெட்டில் அந்த அண்ணனுக்கு தோஹாவிலிருந்து விசா வந்தது. அங்கே எலக்ட்ரிஷியன்களுக்கு மேஸ்திரியாக இருந்த தாய்மாமன் ஏற்பாடு பண்ணியிருந்தார். வேலை இல்லாமல் திரியும் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அந்த இரண்டு பேரைத் தவிர. ரெமிஜியஸ் மாநிலச் சங்கத்துச் செயலாளரைப் போய்ப் பார்த்தான். பெண்கள் அணிக்கு உதவிக் கோச்சாகத் தன்னைப் போட்டுக்கொள்ளும்படி கேட்டான். அவர் கன்னடத்தில், “மொதலு மெடல் தரலி, ஆமேலே நோடோணா,” என்றார். மெடல் கொண்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம். கோலாலம்பூரில் ஓர் அழைப்புப் போட்டி வரவிருந்தது, ஆஞ்சலா அதற்குத் தேர்வாகியிருந்தாள். ஆக விஷயம் இதுதான். அவள் மெடல் வாங்கினால் அண்ணன் பெங்களூரிலேயே இருப்பான். வாங்காவிட்டால் தோஹாவுக்குப் போவான்.

அணிக்கு உதவியாள் என்று சொல்லி ரெமிஜியஸும் சொந்தச் செலவில் கூடப் போனான். கால் இறுதியில் அவளுக்கு எதிராக மலேசியாப் பெண். ஜெயித்தால் குறைந்தது வெண்கலம் நிச்சயம். அந்த நேரம் பார்த்து இன்னொரு தளத்தில் இந்தியப் பையன் ஒருவனுக்கும் ஆட்டம் வந்துவிட, அணியின் கோச் அங்கே ஓடினார். ஓடும்போதே ரெமிஜியஸைப் பார்த்து, “தூ பைட் ஜா,” நீ உட்கார் என்று இந்தியில் சொல்லி நாற்காலியைக் காட்டிவிட்டுப் போனார். ஆடுகிறவரின் மூலையில் ஒரே ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள், அது கோச்சுக்கு உரியது. எத்தனையோ வருஷமாகப் பின்னால் நின்று பார்த்த நாற்காலியில் ரெமிஜியஸ் முதல்முறையாக உட்கார்ந்தான்.

உட்கார்ந்து வாயைத் திறந்தான் பாருங்கள், தமிழ் கொட்டியது. பெங்களூரில் எந்த மைதானத்தில் பேசினாலும் பாதிப் பேருக்குத் தமிழ் புரியும், புரிகிறவர்கள் எல்லோரும் சிநேகிதர்கள் என்று சொல்ல முடியாது, ஆகவே ஏழு வருஷமாக அடக்கி அடக்கிப் பேசியவன். இங்கே யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று அரங்கம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். இந்த முட்டாள்தனத்தை என்னவென்று சொல்வது? கோலாலம்பூரில் தமிழருக்கா பஞ்சம்? முந்தின நாள் காலையில்தான் அவன் ஒரு தமிழ்க் கடையில் இட்லி சாப்பிட்டான், கடைக்காரரோடு அரைமணி நேரம் ஊர்க்கதையும் பேசினான். எதிர் மூலை நாற்காலியில் மலேசியா என்று எழுதின சட்டை போட்டு, நரைமீசையோடு உட்கார்ந்திருந்த கோச்சின் முகத்தைப் பார்த்தால் நம் ஊர்ச் சந்தையில் பார்த்த முகம் மாதிரியே இருக்கும். ரெமிஜியஸ் பார்க்கவில்லை. அவன் கண்ணில் தங்கச்சி ஒருத்திதான் இருந்தாள்.

“பின்னங்கால், பின்னங்கால்” என்று அந்தக் குரல் வந்ததும் ஆஞ்சலாவுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷம் காதருகே முணுமுணுத்த குரல் இப்போது கூரையைத் தொட்டது. முதல் ரவுண்டில் இரண்டு புள்ளி எடுத்தாள். இரண்டாவது ரவுண்டில் எல்லாம் தலைகீழானது. அவள் கால் எழும்பும் முன்னாலேயே அந்தப் பெண் நகர்ந்துவிட்டிருந்தாள். சீன முகம், ஒல்லி உடம்பு, மலாய் பேசுகிறவள், அவளுக்குத் தமிழ் தெரிய வழியில்லை. ஆனால் அண்ணன் ஒவ்வொரு முறை கத்தினதும் எதிர் மூலையிலிருந்து ஒரு சின்ன மலாய் வார்த்தை வருவதை ஆஞ்சலா கவனித்தாள். ரவுண்டு முடியும் நேரத்தில் அந்தப் பெண் கோட்டுக்கு வெளியே சறுக்கி விழப் பார்த்தாள். நரைமீசைக்காரர் பாதி எழுந்து, “பாத்தும்மா, பாத்து,” என்றார். வாய் தவறி வந்த தமிழ். ஆஞ்சலாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இடைவேளையில் அண்ணன் அவள் முன்னால் முட்டி போட்டுத் தண்ணீர் கொடுத்தான். முட்டி போடுவது அவன் காலுக்கு ஆகாது. முகமெல்லாம் சிரிப்பு.

“ரெண்டு புள்ளிதான் பின்னாடி இருக்க, புடிச்சிடலாம் ஆஞ்சு. பாத்தியா, எப்டி வாய் விட்டுக் கத்துறேன். ஒருத்தனுக்கும் ஒண்ணும் புரியல.”

அவள் சொல்லியிருக்கலாம். அந்தாளு தமிழுண்ணா என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தாள். சொன்னால் அவன் வாயை மூடிக்கொள்வான். இத்தனை நேரம் தன் குரல்தான் தங்கச்சியை அடிவாங்க வைத்தது என்று தெரிந்துகொண்டு, எல்லோரும் பார்க்க அந்த நாற்காலியில் ஊமையாக உட்கார்ந்திருப்பான். அவளுக்கு அது தாங்காது. சொல்லவில்லை. அவன் என்ன சொன்னாலும் அதற்கு மாற்றி அடிப்பது என்று முடிவு பண்ணிக்கொண்டு எழுந்தாள்.

மூன்றாவது ரவுண்டில் அண்ணன் முன்னங்கால் என்றான், அவள் பின்னங்காலை வீசினாள். முன்னங்காலுக்குத் தயாராக நின்ற பெண்ணின் விலாவில் அது இறங்கியது. நடுவர்கள் பொத்தானை அழுத்தினார்கள். உள்ளே போ என்றான், அவள் வெளியே வந்தாள், துரத்தி வந்தவளின் நெஞ்சுக் கவசத்தில் மிதித்தாள். எதிர் மூலையில் நரைமீசைக்காரர் குழம்பிப்போய் ஒரு கட்டத்தில் பேச்சையே நிறுத்திவிட்டார். ரெமிஜியஸ் மட்டும் நிறுத்தவில்லை. தொண்டை கட்டிப்போகிற மாதிரி கத்தினான். ஒவ்வொரு கத்தலுக்கும் அவள் நெஞ்சில் சுருக்கென்றது, அண்ணனை அத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்துகிறோமே என்று. அவன் சொன்னதற்கு நேர் எதிராக ஆடி, ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

ஆட்டம் முடிந்ததும் எதிராளியின் கோச்சுக்கு வணக்கம் சொல்வது வழக்கம். நரைமீசைக்காரர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, “கெட்டிக்காரிம்மா நீ,” என்றார், சுத்தமான தமிழில். அவள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினாள். நாற்காலிப் பக்கத்தில் அண்ணன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தான். வலியை மறைக்கத்தான் சிரிக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“மன்னிச்சிடுண்ணா. மூணாவது ரவுண்டுல நீ சொன்னது எதையும் நான் காதுலயே வாங்கல. என் இஷ்டத்துக்கு அடிச்சிட்டேன்.”

பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டால் அவனுக்கு வலிக்காது என்பது அவள் கணக்கு. ரெமிஜியஸின் கைகள் கீழே இறங்கின.

“ஒண்ணு கூடவா?”

“ஒண்ணு கூட இல்ல.”

“பரவால்ல. ஜெயிச்சிட்டல்ல,” என்று துண்டை எடுத்து நீட்டினான்.

அரை இறுதிக்கு அவன் நாற்காலியில் உட்காரவில்லை. சார் வந்துட்டாரே, அவரே உக்காரட்டும் என்று பின்னால் போய் நின்றுகொண்டான். அவள் தோற்றாள், வெண்கலத்தோடு ஊர் வந்தாள். செயலாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதுதான் ஆச்சரியம். அடுத்த மாசத்திலிருந்து வரச் சொன்னார். ரெமிஜியஸ் மாட்டேன் என்றான். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் முடிவதற்குள் தோஹாவுக்குப் போய்விட்டான். ஏர்போர்ட்டில் ஆஞ்சலா கேட்டாள், “மெடல் வந்துச்சேண்ணா, அப்புறம் ஏன் போற?” அவன் பெட்டியின் கயிற்றை இறுக்கிக்கொண்டே, “நீ தனியாவே நல்லா ஆடுற. நான் எதுக்கு?” என்றான். அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். ரொம்ப அன்பாகச் சொன்னான்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அவள் இந்தியாவுக்கு ஆடினாள். பாங்காக், ஹனோய், காட்மாண்டு என்று போய் வந்தாள். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்ததே தவிர மெடல் விழவில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஓர் அரசாங்க ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்தது, அங்கே அவளைக் கராத்தே மேடம் என்று கூப்பிட்டார்கள். இது வேறு, அது வேறு என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். வகுப்பில் பேடு பிடிக்கப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவன் மெத்தையை நீட்டிக்கொண்டே பக்கத்தில் நிற்பவனோடு கிரிக்கெட் பேசுவான். கடைசியில் மொட்டை மாடியில் ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிட்டு அதைத் தனியாக உதைத்தாள்.

மூலை நாற்காலியில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். ஒருவர் இந்தியில் “மாரோ, மாரோ” என்பதோடு சரி, எதை அடிப்பது, எங்கே அடிப்பது என்பதெல்லாம் அவள் பாடு. ஒருவருக்கு அவள் பெயர் கடைசி வரை வாயில் நுழையவில்லை. ஹனோயில் அவள் ஆட்டத்துக்கு உட்கார ஆளே இல்லை. இடைவேளையில் அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, தானே தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினாள். அன்றைக்கு ஓட்டல் அறையில் கூடத் தங்கியிருந்த மணிப்பூர்ப் பெண் அவளிடம் ஏதோ ஆறுதலாகச் சொன்னாள், தன் பாஷையில். ஆஞ்சலாவும் தலையாட்டினாள். யாராவது ஒருவர் தமிழில் திட்டினால் கூடப் போதும் என்றிருந்தது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோஹாவிலிருந்து போன் வரும். அம்மா பேசி முடித்து மீதி இருந்தால் அவள் கைக்கு வரும். வெயிட் எவ்ளோ இருக்க, அங்க மழையா என்று கேட்பான். அவளும் பதில் சொல்லுவாள். கோலாலம்பூரைப் பற்றி அவன் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அன்று அத்தனை பேர் முன்னால் அவன் பேச்சுக்கு மாற்றி ஆடியதுதான் அவனைத் துரத்திவிட்டது என்று அவள் நிச்சயமாக நம்பினாள். உண்மைக் காரணத்தைச் சொன்னால் இன்னும் அதிகமாக வலிக்கும் என்பதையும் நம்பினாள். இரண்டாயிரத்து மூன்றில் இடுப்பில் அடிபட்டு, டாக்டர் போதும் என்றார். அவள் கால்சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

அடுத்த வருஷம் ரெமிஜியஸ் கல்யாணத்துக்காக வந்தான். பெண் ரிச்சர்ட்ஸ் டவுன் டோரதி, நர்சரிப் பள்ளி டீச்சர், மனசில் பட்டதை உடனே கேட்டுவிடுகிறவள். கோயிலில் முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் பூசையில் அறிவித்த அன்று, டோரதி வீட்டார் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஜோகுபாளையம் வந்திருந்தார்கள். பெரியவர்கள் வாசல் பக்கம் மண்டபம், மெனு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். டோரதி சுவரில் இருந்த படத்துக்கு முன்னால் போய் நின்றாள். வெண்கல மெடலோடு ஆஞ்சலா, பக்கத்தில் சிரிக்காத ரெமிஜியஸ்.

“இதுல நீங்கதான் கோச்சா? சொல்லவே இல்லையே. அப்புறம் ஏன் விட்டீங்க?”

“ஒரே ஒரு மேட்ச் உக்காந்தேன்,” என்றான் அவன். “அது ஒரு கூத்து. நான் பாட்டுக்குத் தமிழ்ல கத்திட்டு இருக்கேன், எதிர்ல இருந்த கோச் நம்ம ஆளு. எனக்குத் தெரியல. மூணாவது ரவுண்டு ஆரம்பிச்ச உடனே அவரு அந்தப் பொண்ணப் பாத்து வாய் தவறி ‘விடாத, விடாத’ன்னு தமிழ்ல கத்துனாரு. அப்பதான் எனக்கு உறைச்சுது. நான் சொன்னதயெல்லாம் அப்படியே அவளுக்கு மலாய்ல சொல்லிட்டு இருந்திருக்காரு. நடுவுல மேட் மேல போயி இவகிட்ட சொல்ல முடியுமா? அதனால எல்லாத்தயும் மாத்திக் கத்துனேன். பின்னங்கால் அடிக்கணும்னா முன்னங்கால்னு கத்துனேன். என் தங்கச்சிக்குப் புரியும், அந்தாளுக்குப் புரியாதுன்னு.”

பலகாரத் தட்டோடு வந்த ஆஞ்சலா அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அவங்களுக்குப் புரிஞ்சுதா?” என்றாள் டோரதி.

“நான் மனசுல என்ன நெனச்சேனோ அத அப்படியே அடிச்சா. ஒண்ணு தப்பல. இந்த மாதிரி ஒரு ரவுண்டு யாருமே ஆடியிருக்க மாட்டாங்கன்னு தோணுச்சு, ரெண்டு பேரும் ஒரே ஆளு மாதிரி.” ரெமிஜியஸ் சுவரில் இருந்த படத்தை ஒரு தரம் பார்த்தான். “அப்புறம் அவளே வந்து சொன்னா, நான் சொன்னது எதையும் காதுல வாங்கலன்னு. அவ பாட்டுக்குத்தான் ஆடியிருக்கா. நான் இருந்ததும் இல்லாததும் ஒண்ணுதான். அதான் விட்டுட்டேன்.”

குறையாகச் சொல்லவில்லை. ஆறிப்போன விஷயத்தை ஆறினபடியே சொன்னான். ஆஞ்சலா தட்டை மேஜை மேல் வைத்தாள், அது விளிம்பில் உட்கார்ந்து ஆடியது.

“நான் பொய் சொன்னேன்ணா,” என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

“அவரு தமிழுன்னு எனக்கு ரெண்டாவது ரவுண்டுலயே தெரியும். சொன்னா நீ வாய மூடிக்குவன்னு சொல்லல. நீ என்ன சொல்றியோ அதுக்கு மாத்தி அடிக்கிறதுன்னு முடிவு பண்ணேன். உன்னால தோக்கப் பாத்தேன்னு எப்படிச் சொல்றது? அதான் என் இஷ்டத்துக்கு அடிச்சேன்னு சொன்னேன்.” அவள் அண்ணன் பக்கம் ஓரடி வந்தாள். “ஒரு வார்த்தை விடாம காதுல வாங்கினேன்ணா. வாங்காம எப்படி மாத்தி அடிக்க முடியும்? உன் குரல அன்னைக்கு மாதிரி நான் என்னைக்குமே வாங்கினதில்ல.”

டோரதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேட்டிருக்கக் கூடாததைக் கேட்டுவிட்டோமோ என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

“அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஆஞ்சு,” என்றான் ரெமிஜியஸ்.

எந்தத் தோல்விக்கும் அழாதவள் அழுதாள். ஹனோயில் அழாதவள், இனிமேல் ஆடக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது அழாதவள், சம்பந்தி வீட்டார் இருக்கிறார்கள் என்று கூடப் பார்க்காமல் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஆடின ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு, அன்று தான் தனியாக ஆடவில்லை என்று தெரிந்து என்ன செய்வது.

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து வந்த அம்மா, கல்யாணமாகி அண்ணன் பிரிந்து போகிறானே என்று பெண் அழுவதாக நினைத்துக்கொண்டாள். “என்னடி இது, நல்ல காரியம் பேசுற எடத்துல,” என்று அதட்டினாள். ரெமிஜியஸ் எழுந்து வந்து தங்கச்சியின் பக்கத்தில் நின்றான். இரண்டு பேரும் அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை.